மாமா சொல்கிறார் என்று வீட்டை அடகு வைக்காதீர்கள், அக்கா

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா மகனோடு என்னைப் பார்க்க வந்திருந்தார். பையனுக்கு எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) முடிவு நன்றாகவே வந்திருக்கிறது. மாமா மருத்துவம் என்கிறார், சித்தப்பாவும் அதையே சொல்கிறார். பையனோ இரவு பதினோரு மணி வரை சாக்ஸபோனும் கையுமாக ஜாஸ் வாசித்துக்கொண்டிருக்கிறான். பள்ளிப் பேண்டில் தொற்றிய பழக்கம். "வெள்ளைக்காரன் இசை, கெட்டுப் போயிடுவானோன்னு பயமா இருக்கு சார்" என்றார்.

பயப்படாதீர்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வீட்டை மறுபடி அடகு வைக்கும் பேச்சு நடக்கிறது என்று தெரிந்ததும் ஆறுதல் சொல்லும் எண்ணமே போய்விட்டது.

தனியார் மருத்துவப் படிப்பு பல இடங்களில் மூன்று லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டும். 2016 இறுதியிலிருந்து இளம் டாக்டர்களை அரசாங்கம் ஒப்பந்தத்தில் எடுக்கிறது. 2021 ஜூலையில் அவர்கள் நிரந்தர வேலை கேட்டு மருத்துவமனை வாசலில் வந்து நின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம். ஆசைப்படும் பிள்ளைக்கு அது நல்ல படிப்புதான். இவனுக்கு உயிரியல் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி வருகிறது. தவணை கட்டப் போவதும் மாமா இல்லை.

பையனை வாசிக்கச் சொன்னேன். நடுவில் ஒரு சுரம் பிசகியது. நிறுத்தவில்லை, அதே பிசகை இன்னும் இரண்டு முறை வேண்டுமென்றே வாசித்து, அதை மெட்டின் பகுதியாக ஆக்கிவிட்டான். இது சாதாரண விஷயமில்லை, அக்கா. பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. ஐரோப்பாவில் ஒரு கச்சேரி. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் வாசித்துக்கொண்டிருக்கும்போது இவர் தப்பான கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஒன்றை அழுத்திவிட்டார். மைல்ஸ் முறைக்கவில்லை. அந்தக் கார்டு சரியாக ஒலிக்கும்படி தன் சுரங்களை மாற்றிக்கொண்டார். ஜாஸ்காரர்கள் படைப்பு என்பது இதைத்தான்: வந்தது வந்துவிட்டது, இதிலிருந்து எங்கே போகலாம்? இந்த ஹான்காக் கல்லூரியில் சேர்ந்தது எஞ்சினியரிங் படிக்க. மைல்ஸின் அப்பா பல் டாக்டர். மாமாவுக்குச் சொல்லுங்கள்.

நினைத்தபடி ஊதுவதுதான் ஜாஸ் என்று எண்ணிவிட வேண்டாம். சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் மூன்று நான்கு வருடம், நாளுக்குப் பதினோரு மணி நேரத்துக்குக் குறையாமல் பயிற்சி செய்ததாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரன் இசை என்றீர்கள். அதை உருவாக்கியவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். நம் பினாங்கிலேயே ஜிம்மி பாய்ல் என்ற ஜாஸ் பியானோ கலைஞர் இருந்தார். நாட்டுப்பற்றுப் பாடல்களும் எழுதினார்.

சரி, எங்கே படிப்பது? யூஐடிஎம் பூமிபுத்ரா மாணவர்களுக்கான அரசுப் பல்கலைக்கழகம், அதன் இசைத் துறையில் நம் பிள்ளைகளுக்கு இடமில்லை, அதை விடுவோம். தனியார் இசைக் கல்லூரிக்குப் பெரிய கடன் வாங்குவதற்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். நம்மவர்கள் எட்டிப் பார்க்காத இடம் கோலாலம்பூரில் இருக்கிறது: அஸ்வாரா. 1994இல் தொடங்கிய அரசுக் கலைக் கழகம். டிப்ளோமா மூன்று வருடம், தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு வெகு குறைவு. எஸ்.பி.எம். மட்டும் போதாது, வாசித்தும் காட்ட வேண்டும். அங்கே கமெலான் என்ற வெண்கலத் தாள வாத்தியக் குழுவின் இசை காதில் விழும், மலாய்ப் பாரம்பரிய இசை கைக்கு வரும். அதே வளாகத்தில் நடனம், நாடகம், திரைப்படம் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். குறும்படத்துக்கு இசை வேண்டும் என்று கேட்டு வருவது பக்கத்து வகுப்புக்காரன்தான். இசைக்காரனுக்கு வேலை பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

ஜாஸ் மட்டும் வாசித்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் இங்கே கொஞ்சம் பேர்தான், மறைக்க மாட்டேன். மற்றவர்கள் பள்ளிப் பேண்டுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், கல்யாணத்தில் வாசிக்கிறார்கள், மாணவர்களை இசைக் கிரேடு தேர்வுக்குத் தயார் செய்கிறார்கள். தம்பி இப்போதே வாரம் ஒரு சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், அது அவனுக்கு ஒத்து வருகிறதா என்று தெரிந்துவிடும். புது சாக்ஸபோன் இப்போது வாங்க வேண்டாம். கோலாலம்பூரில் அறை வாடகை, சாப்பாடு எவ்வளவு ஆகும் என்று முதலில் எழுதிப் பாருங்கள்.

மாமாவின் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். பத்து மணிக்கு மேல் மட்டும் ஊத வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன், பக்கத்து வீட்டுக்காரர் பாவம்.