வெயிட் மெஷின் காட்டும் 13 எண்கள்: எதை நம்புவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆன்லைனில் ஸ்மார்ட் வெயிட் மெஷின் வாங்கினோம். ஏறி நின்றால் எடை, கொழுப்பு, தசை, எலும்பு, தண்ணீர், ‘உடல் வயது’ என்று ஆப்பில் 13 எண்கள் வருகின்றன. வெறுங்காலோடு நிற்பதை வைத்து இத்தனையும் எப்படித் தெரியும்?
– வாசகர், ஈரோடு

பதில்: அந்த 13-ல் மெஷின் நேரடியாக அளப்பவை இரண்டுதான். ஒன்று எடை. இன்னொன்று, மின்சாரம் பாய உங்கள் உடல் காட்டும் எதிர்ப்பு. இந்த இரண்டோடு நீங்கள் ஆப்பில் கொடுத்த உயரம், வயது, ஆணா பெண்ணா என்ற விவரத்தையும் சேர்த்து சூத்திரத்தில் போட்டு எடுத்ததுதான் மீதி எல்லாம்.

மேலே தெரியும் நான்கு உலோகப் பட்டைகளில் ஒரு ஜோடி மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பும். மற்ற ஜோடி வோல்டேஜை அளக்கும். மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. அதிர்வெண் பெரும்பாலும் 50 கிலோ ஹெர்ட்ஸ். உடம்புக்கு ஒன்றும் தெரியாது. கொழுப்பு இல்லாத திசுக்களில் ஏறத்தாழ 73 சதவீதம் தண்ணீர், அதில் உப்புகளும் உண்டு. ஆகவே மின்சாரம் சுலபமாகப் பாயும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, அதனால் தடுக்கும். எதிர்ப்பு கூடினால் கொழுப்பு அதிகம் என்பது கணக்கு.

ஆனால் மின்சாரம் ஒரு கால் வழியே ஏறி, அடிவயிற்றைக் கடந்து, மறு கால் வழியே இறங்கிவிடுகிறது. கை, மார்பு, மேல்வயிறு பக்கம் அது அநேகமாகப் போவதே இல்லை. அந்தப் பகுதிகளுக்கு மெஷின் தருவது ஊகம்தான். எலும்பு எடையும் அப்படியே: எலும்புத் தேய்மானத்தை இந்த மெஷினால் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு எலும்பையும் கொழுப்பையும் எக்ஸ்ரே மூலம் அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டும். ‘உடல் வயது’ கம்பெனிக்குக் கம்பெனி மாறும் விளையாட்டு, பார்த்துவிட்டு மறந்துவிடுங்கள்.

இன்னொன்று: சூத்திரத்தில் உயரம் வர்க்கமாக வருகிறது. குத்துமதிப்பாக 170 என்று போட்டிருந்தால் எல்லா எண்ணும் சாய்ந்துவிடும். சுவரோடு குதிகாலை ஒட்டி நின்று சென்டிமீட்டரில் அளந்து போடுங்கள். 5 அடி 6 அங்குலம் என்றால் 167.6.

கேள்வி: காலையில் கொழுப்பு 27.4 சதவீதம். மாலை வாக்கிங் முடித்து வந்து ஏறினால் 25.1. ஒரே நாளில் இரண்டு புள்ளி குறையுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: குறையாது. மாறியது கொழுப்பு இல்லை, தண்ணீர் இருக்கும் இடம். நாள் முழுக்க நின்று நடந்ததில் கால்களுக்கு நீர் இறங்கியிருக்கும். நடந்த சூட்டில் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடியிருக்கும். இரண்டுமே மின் எதிர்ப்பைக் குறைக்கும். மெஷினுக்கு அது ‘கொழுப்பு குறைவு’ என்றுதான் புரியும். மாறாக உடம்பில் நீர் வற்றியிருந்தால் எதிர்ப்பு கூடி, கொழுப்பு அதிகம் என்று காட்டும். ஏறுவதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் எடை அரை கிலோ ஏறும், எதிர்ப்போ உடனே மாறாது. அந்த அரை கிலோவில் பெரும்பகுதி கொழுப்புக் கணக்கில் போய்ச் சேரும். ஈரத் துண்டும் கனமான நைட்டியும் அதே கணக்கில்தான் விழும்.

ஆகவே நிபந்தனைகளை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் ஏற வேண்டாம். படுத்திருந்த உடம்பில் நீர் சமமாகப் பரவியிருக்கும். பத்து பதினைந்து நிமிடம் நடமாடி, கழிவறை போய்வந்து, காபிக்கு முன் ஏறுங்கள். உடை தினமும் ஒரே அளவில் இருக்கட்டும். வெந்நீர்க் குளியலுக்கும் உடற்பயிற்சிக்கும் பிறகு உடனே வேண்டாம். தொடைகள் ஒன்றோடொன்று உரசாமல் நில்லுங்கள். தோலோடு தோல் பட்டால் மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும், கொழுப்பு குறைத்துக் காட்டும். பருமனானவர்கள் தொடைகளுக்கு நடுவே துணி வரும்படி அரைக்கால் உடை அணிந்துகொள்ளலாம்.

மெஷினை வைக்கும் இடமும் முக்கியம். மிதியடி, கார்பெட் மேல் வைத்தால் எடையே தப்பாகும். நான்கு மூலையிலும் உள்ள சென்சார்கள் கட்டித் தரையில் சமமாக உட்கார வேண்டும். டைல்ஸ் இணைப்பின் மேடு பள்ளத்தில் ஒரு கால் தூக்கிக்கொண்டால் ஒவ்வொரு முறையும் ஒரு எடை வரும். இடம் மாற்றினாலோ சுவரில் சாய்த்து வைத்து எடுத்தாலோ, முதலில் ஒரு காலால் அழுத்திவிட்டு எடுங்கள். திரை 0.0 காட்டிய பிறகு ஏறுங்கள். எப்போதும் ஈரமாக இருக்கும் நம் ஊர் குளியலறையில் வைக்கவே கூடாது, உள்ளே ஈரம் இறங்கினால் சென்சார் கெடும்.

மெஷின் மேல் சந்தேகமா? நிரம்பிய 20 லிட்டர் தண்ணீர் கேனை நடுவில் மூன்று முறை இறக்கி ஏற்றுங்கள். மூன்று எண்ணும் 100 கிராமுக்குள் ஒத்துப்போனால் மெஷின் ஒரே சீராக அளக்கிறது. இடமோ தரையோ தப்பென்றால் இதிலேயே தெரிந்துவிடும்.

தினமும் ஏறலாம், ஆனால் ஒரு நாள் எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஏழு நாள் சராசரியை அடுத்த ஏழு நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் நீர் கோத்துக்கொள்ளும் என்பதால், பெண்கள் ஒரு மாதவிலக்கு தொடங்கிய ஐந்தாம் நாளை அடுத்த மாதவிலக்கின் ஐந்தாம் நாளோடு பார்ப்பதே நியாயம். கல்யாண விருந்துக்கு மறுநாள் ஒன்றரை கிலோ ஏறியிருந்தால் பதற வேண்டாம். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். சோற்று மாவுச்சத்து, உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைகோஜனாகச் சேரும்போது, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் கூடவே சேரும்.

கேள்வி: அம்மா ஏறினால் எடை மட்டும் வருகிறது, கொழுப்பு இருக்கும் இடத்தில் கோடுதான். மற்றவர்களுக்கு எல்லாம் வருகிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மாவுக்குப் பித்தவெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தடித்துக் காய்ந்த குதிகால் தோல் மின்சாரத்தை விடாது. இரவில் தேங்காய் எண்ணெய் தடவிப் படுப்பவர் என்றால், அந்தப் படலமும் சேர்ந்து தடுக்கும். பாதத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணியால் ஒற்றி, லேசான ஈரம் இருக்கும்போதே ஏறச் சொல்லுங்கள். குதிகால் பின்பட்டையிலும் முன்பாதம் முன்பட்டையிலும் முழுதாகப் படிய வேண்டும். எண்ணைப் பார்க்கக் குனிந்தால் பாரம் முன்னால் போய், குதிகால் தூக்கிக்கொள்ளும்; வேறொருவர் படித்துச் சொல்லட்டும். பட்டைகளையும் ஈரத்துணியால் துடையுங்கள். இத்தனைக்கும் பிறகு வராவிட்டால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். ரீசார்ஜ் செல்கள் 1.2 வோல்ட்தான் தரும் என்பதால் சில மெஷின்கள் அவற்றோடு தகராறு செய்யும்.

கேள்வி: இரண்டு மாதத்தில் 74 கிலோவிலிருந்து 71-க்கு வந்துவிட்டேன். கொழுப்பு மட்டும் அதே 27 சதவீதம். மெஷின் பொய் சொல்கிறதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பொய் என்று தள்ளிவிடாமல் சதவீதத்தைக் கிலோவாக்கிப் பாருங்கள். 74-ல் 27 சதவீதம் 20 கிலோ கொழுப்பு, மீதி 54. 71-ல் 27 சதவீதம் 19.2 கிலோ, மீதி 51.8. மூன்று கிலோவில் கொழுப்பு 800 கிராம்தான் போயிருக்கிறது, 2.2 கிலோ கொழுப்பில்லாத எடை. அதில் தண்ணீரும் உண்டு, தசையும் உண்டு. சாப்பாட்டைக் கண்டபடி குறைத்து வெறும் நடை மட்டும் நடப்பவர்களிடம் அடிக்கடி பார்க்கும் கணக்கு இது.

அளவிலும் பிழை இருக்கலாம். இரண்டு வார சராசரி எடுத்தும் இதே கதை என்றால் மாற்ற வேண்டியது சாப்பாட்டுத் தட்டையும் பயிற்சியையும். கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) பொதுவாகச் சொல்லும் தினசரி அளவு. உங்களுக்கு ஏறத்தாழ 60 கிராம். இட்லி சாம்பாரில் மட்டும் அது வராது. முட்டை, பயறு, சுண்டல், தயிர், மீன் என்று ஒவ்வொரு வேளையிலும் ஒன்று வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி, முடியாதவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் சுவரைத் தள்ளும் தண்டாலும். ஜிம் போகிறவர்கள் சாப்பிடும் கிரியேட்டின் பவுடர் எடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அது தசைக்குள் தண்ணீரை இழுக்கும். முதல் வாரங்களில் ஆப்பில் தசை ஒரு கிலோ கூடினால், அது வளர்ச்சி அல்ல.

கேள்வி: என் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 22. மெஷின் கொழுப்பு 29 சதவீதம் என்கிறது. ஒல்லியான ஆணுக்கு இது சாத்தியமா?
– வாசகர், மதுரை

பதில்: சாத்தியம்தான். 2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவ ஆய்வாளர்களின் படம் வந்தது: புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. டெக்ஸாவில் பார்த்தால் யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தெற்காசியர்களின் உடல்வாகு அப்படி. இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-லேயே அதிக எடை என்று மருத்துவர்கள் கணக்கிடுவதும் அதனால்தான்.

அதற்காக 29-ஐ அப்படியே நம்ப வேண்டாம். டெக்ஸாவோடு ஒப்பிட்டால் வீட்டு மெஷின் ஒரு தனி நபருக்குப் பல புள்ளிகள் தள்ளிக் காட்டும். டெய்லர் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல் அளவெடுங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80-ஐத் தாண்டினால் சர்க்கரை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. ஆப் காட்டும் ‘உள்ளுறுப்புக் கொழுப்பு’ எண்ணைவிட இந்த டேப்பை நம்பலாம்.

கேள்வி: என் எடை கணவர் பெயரில் பதிவாகிறது. சில நாள் பதிவே ஆவதில்லை.
– வாசகி, சென்னை

பதில்: பல மெஷின்கள் எடையை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். இருவருக்கும் இரண்டு கிலோவுக்குள் வித்தியாசம் என்றால் குழம்பும். ஏறுவதற்கு முன் ஆப்பில் உங்கள் பெயரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ப்ளூடூத் மெஷினை போன் செட்டிங்ஸில் ‘பேர்’ (Pair) செய்யாமல், ஆப் வழியாகவே சேருங்கள். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் லொக்கேஷன் அனுமதி தராவிட்டால் ஆப்புக்கு மெஷின் கண்ணில் படாது. வைஃபை மாடல்கள் பெரும்பாலும் 2.4 கிகா ஹெர்ட்ஸில் மட்டுமே இணையும்.

கேள்வி: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. அவர் ஏறலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கூடாது. பேஸ்மேக்கர், டிஃபிப்ரிலேட்டர் போன்ற மின்கருவி உடலில் உள்ளவர்கள் கொழுப்பு அளக்கும் மெஷினைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம் என்றே தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அந்தச் சமயத்தில் எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது. சிறுநீரகக் கோளாறால் கால் வீங்கியவர்களுக்கு நீரைத் தசையாகக் காட்டும்.

அப்பாவுக்குச் சாதாரண டிஜிட்டல் மெஷின் ஒன்று தனியாக வாங்கிக் கொடுங்கள். இதயம் பலவீனமானவர் என்றால் தினமும் காலையில் எடையைக் குறித்து வைப்பது அவசியமும்கூட. மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் நீர் சேர்கிறது என்று பொருள். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.