ஹம்மிங்பறவையைப் படமெடுக்க, தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் 600 மி.மீ. லென்ஸ் கட்டாயமா?
இல்லை. வட அமெரிக்காவின் கிழக்கே காணப்படும் செந்தொண்டை ஹம்மிங்பறவை அலகோடு சேர்த்தே சுமார் 9 செ.மீ. தான். இவ்வளவு சிறியதை நெருங்கித்தான் எடுக்க வேண்டும்; அதனால் லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்பதே முக்கியம். 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ்கள் (எஃப் எண் ஒளி நுழையும் துளையின் அளவைக் குறிக்கும்) பெரும்பாலும் நான்கு மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது; கேனன் 100-400 மி.மீ. ஜூம் லென்ஸின் இரண்டாம் பதிப்பு ஒரு மீட்டருக்குள்ளேயே ஆகும். நான் அதைத்தான் சொல்வேன்.

இரண்டு மீட்டர் தூரத்தில் 400 மி.மீ., எஃப்/5.6 என்றால் கூர்மை விழும் ஆழம் ஒரு சென்டிமீட்டர்கூட இராது. கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். சிறகு நொடிக்கு ஐம்பது தடவை போல அடிக்கும். ஷட்டர் வேகம் 1/3200 நொடி வேண்டும். அப்போதும் சிறகு நுனி சற்றுக் கலங்கும், எனக்கு அது பிடிக்கும்.

ஆணின் தொண்டைச் சிவப்பு நிறமியால் வருவதல்ல, இறகின் நுண்ணமைப்பு ஒளியைத் திருப்புவதால் வருவது. வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இல்லாவிட்டால் அந்தத் தொண்டை கறுப்பாகவே பதியும்.