கறிவேப்பிலைச் செடியும் திருப்பிப் போட்ட லென்ஸும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என்னிடம் பழைய நிக்கான் டி3200 கேமராவும் அதோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸும் இருக்கின்றன. லென்ஸைத் திருப்பி மாட்டினால் பூச்சிகளை மிக அருகில் எடுக்கலாம் என்று கேள்விப்பட்டு ஒரு ரிவர்ஸ் ரிங் வாங்கினேன். மாட்டியதும் வியூஃபைண்டர் இருண்டுவிட்டது. ஷட்டரும் அடிக்கவில்லை. எல்லாவற்றையும் நாமே அமைக்கும் எம் (மேனுவல்) நிலைக்கு மாற்றிய பிறகுதான் அடித்தது. இதுவரை எடுத்தவற்றில் பாதி கலங்கலாக இருக்கிறது. ஃபிளாஷ் போட்டு எடுத்தவற்றில் வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டும், பின்னால் கரி பூசியது போன்ற இருட்டும்தான் வருகின்றன. நல்ல மேக்ரோ லென்ஸ் இல்லாமல் இது ஆகாது என்கிறார்கள் நண்பர்கள். விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. வாங்கத்தான் வேண்டுமா?

பூச்சியை டப்பாவில் பிடித்து ஐந்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் நகராமல் இருக்கும் என்று அண்ணன் சொல்கிறார். செய்யலாமா?

மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். கடைசிப் படத்தில் இருப்பது எங்கள் மாமரத்துச் செவ்வெறும்பு. மற்ற எறும்புகளோடு சேராமல் எப்போதும் தனியாகவே திரிகிறது. ஏன்?

அன்புடன்,
கவிதா, கும்பகோணம்

அன்புள்ள கவிதா,

லென்ஸ் எதுவும் இப்போது வாங்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய படங்களில் கண்ணாடியின் குறை ஒன்றுகூடத் தெரியவில்லை. வெளிச்சம் வரும் விதமும், லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையின் அளவும்தான் கெடுக்கின்றன. இரண்டையும் இருநூறு ரூபாய்க்குள் சரிசெய்துவிடலாம்.

முதலில் இருட்டு. உங்கள் லென்ஸில் துளையைத் திருகி மாற்றும் வளையம் கிடையாது. லென்ஸின் பின்பக்கம் ஒரு சின்ன உலோக நெம்புகோல் இருக்கும், கேமரா அதைத் தள்ளித்தான் துளையைத் திறக்கிறது. லென்ஸைத் திருப்பிவிட்டால் தள்ள ஆளில்லை. அதனால் துளை தன் மிகச் சிறிய அளவுக்குச் சுருங்கிக்கொள்கிறது. இப்போது அந்த நெம்புகோல் வெளிப்பக்கம், பூச்சியைப் பார்த்தபடி இருக்கும். விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள், வியூஃபைண்டர் பளிச்சென்று ஆகிவிடும். மெல்லிய அட்டையை மடித்து நெம்புகோல் நகரும் தடத்தில் செருகினால் அது அப்படியே நிற்கும். தீக்குச்சி வேண்டாம். முனை முறிந்து லென்ஸுக்குள் விழுந்தால் எடுப்பது கடினம்.

எவ்வளவு திறப்பது? கேமராவிலிருந்து கழற்றிய லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். துளையின் விட்டம் முழுதாகத் திறந்ததில் பாதி இருக்கும்படி அட்டையைச் செருகுங்கள். விட்டம் பாதியானால் வெளிச்சம் கால் பங்காகும், அதாவது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது). துளை சிறிதாகச் சிறிதாக எஃப் எண் கூடும். 18-இல் முழுத் திறப்பு எஃப் 3.5 என்பதால் பாதியில் எஃப் 7 வரும். 55-இல் 5.6 என்பது 11 ஆகும். பூச்சிப் படத்துக்கு இந்த எல்லை போதும். இதற்கு மேல் சுருக்கினால் கூர்மையாக விழும் ஆழம் கூடும் என்று தோன்றும். ஆனால் இவ்வளவு பெரிதாக்கும்போது ஒளி சிறு துளையின் விளிம்பில் சிதறி, கண்ணின் அறுகோணங்களும் மயிர்க்கால்களும் மழுங்கிவிடும். உங்கள் முதல் படத்தில் ஃபோகஸ் சரியாகவே இருக்கிறது. அது மழுங்கியது இதனால்தான்.

ஷட்டர் அடிக்காததற்கும் காரணம் இதே. லென்ஸோடு மின்தொடர்பு அறுந்துவிட்டதால் உங்கள் கேமரா எம் நிலையில் மட்டுமே இயங்கும், வெளிச்சத்தையும் அளந்து சொல்லாது. கேனான் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. லென்ஸ் நேராக இருக்கும்போதே எஃப் 8 வைத்து, ஆழம் பார்க்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி லென்ஸைக் கழற்றினால் துளை எஃப் 8-லேயே நின்றுவிடும். ரிங் வாங்கும்போது முன்விளிம்பின் அளவைப் பார்க்க வேண்டும். உங்கள் ஏஎஃப்-எஸ் லென்ஸுக்கு 52 மி.மீ., பெரும்பாலான கேனான் 18-55 லென்ஸ்களுக்கு 58.

திருப்பிப் போட்ட லென்ஸில் எல்லாமே தலைகீழ். ஜூம் வளையத்தை 18-க்குத் திருப்பினால் பூச்சி பெரிதாகும், 55-க்குத் திருப்பினால் சிறிதாகும். எத்தனை மடங்கு என்று தெரிந்துகொள்ளப் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். அதன் மி.மீ. கோடுகளைப் படமெடுங்கள். படம் பதியும் சென்சாரின் அகலம் உங்கள் கேமராவில் 23 மி.மீ. படத்தின் அகலத்தில் 23 கோடு தெரிந்தால் ஒரு மடங்கு, எட்டு தெரிந்தால் ஏறத்தாழ மூன்று மடங்கு. 18, 24, 35, 55 நான்கிலும் இப்படி அளந்து ஒரு சீட்டில் குறித்து வையுங்கள்.

18-இல் பூச்சிக்கும் லென்ஸின் விளிம்புக்கும் ஐந்து செ.மீ. போல இடைவெளி இருக்கும். லென்ஸ் நேராக இருக்கையில் அதன் பின்விளிம்புக்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள 46.5 மி.மீ. தூரம்தான் இப்போது முன்பக்கத்துக்கு வந்திருக்கிறது. 55-இல் இடைவெளி இன்னும் கூடும். ஆகவே 35-க்கும் 55-க்கும் நடுவில் தொடங்குங்கள். 18 பிறகு வரட்டும். ஒரு மடங்கில், எஃப் 8-இல் கூர்மையாக விழும் ஆழம் அரை மி.மீட்டருக்குச் சற்று மேல். மூன்று மடங்குக்குப் போனால் அது ஒரு மி.மீட்டரில் ஏழில் ஒரு பங்காகிவிடும். மூச்சு விட்டாலே தாண்டிப்போகும் தூரம் இது. உங்கள் கலங்கல் படங்கள் 18-இல் எடுத்தவை என்று நினைக்கிறேன்.

இனி வெளிச்சம். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

கேமராவின் தலையிலிருந்து எழும் ஃபிளாஷ், எறும்பின் அளவுக்கு வைத்துப் பார்த்தால், தூரத்தில் எரியும் ஒற்றை பல்பு. வண்டின் முதுகு கண்ணாடிபோல வழவழப்பானது. அதன்மேல் தெரியும் வெள்ளைத் திட்டு அந்த பல்பின் பிரதிபலிப்புதான். எடுத்த பிறகு எந்த மென்பொருளாலும் அதை அழித்துக் கீழே உள்ள நிறத்தை மீட்க முடியாது. திட்டை முழுதாக இல்லாமல் செய்வதும் எளிதல்ல. அதைப் பெரிதாக்கி மெலிதாக்கலாம், அவ்வளவே. பூச்சி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு ஒளி மென்மையாகும். பூச்சிக்கு மிக அருகில் பத்து செ.மீ. அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பரப்பு ஒளிர்ந்தால், அதற்கு அது மேகம் மூடிய வானம்.

வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவ வேண்டும். நடுவுக்குச் சற்றுக் கீழே லென்ஸ் நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, லென்ஸின் முனையருகே மாட்டுங்கள். மேற்பகுதி பூச்சியின் பக்கம் கொஞ்சம் கவிந்திருக்கட்டும். ஃபிளாஷிலிருந்து மூடிவரை ஒளியைக் கொண்டுவர ஒரு குழல் வேண்டும். உருளைக்கிழங்கு சிப்ஸ் வரும் உருளை டப்பா போதும். அடிப்பாகத்தை வெட்டிவிட்டு, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி, ஃபிளாஷ் தலையின் மேல் சரித்துப் பொருத்துங்கள். குழலின் வாயில் ஒரு டிரேசிங் தாள். இந்தத் தாளுக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி கட்டாயம் வேண்டும். முதல் தாள் ஒளியைப் பரப்புகிறது, பரவிய ஒளி மூடி முழுவதையும் சமமாக நனைக்கிறது. இரண்டையும் ஒட்டிவைத்தால் நடுவில் மட்டும் பளிச்சிட்டு மறுபடியும் பழைய பல்புதான் வரும். குழல் இல்லாமல் மூடியை மட்டும் மாட்டினால் லென்ஸின் நிழல் கீழ்ப்பாதியில் விழும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் கருப்பு உளுந்து ஒன்றைப் படமெடுங்கள். அதன் முதுகில் விளிம்பு மங்கிய அகலமான வெண்மை தெரிந்தால் சரி. கூர்மையான புள்ளி தெரிந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள்.

ஃபிளாஷை மெனுவில் மேனுவலுக்கு மாற்றி, கால் பங்கு சக்தி வையுங்கள். ஷட்டர் 1/200, ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 200. இருட்டாக வந்தால் ஐஎஸ்ஓவை 400 ஆக்குங்கள், ஃபிளாஷை அரைப் பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம். சக்தி குறைந்தால் ஃபிளாஷ் ஒளிரும் நேரமும் குறைகிறது. கால் பங்கில் அது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கை நடுக்கத்தை உறைய வைப்பது இந்தச் சிறு பொழுதுதான், ஷட்டர் அல்ல.

பின்னணி கருப்பாவதற்குக் காரணம், ஃபிளாஷின் ஒளி தூரத்தின் இருமடியில் குறைவது. விளக்கிலிருந்து பூச்சி 6 செ.மீ. தூரத்திலும் பின்னால் உள்ள இலை 60 செ.மீ. தூரத்திலும் இருந்தால், இலைக்குப் போய்ச் சேரும் ஒளி ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. எனவே பின்னால் நான்கைந்து செ.மீ.க்குள் ஓர் இலை வரும்படி கோணத்தை மாற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் பழுத்த பூவரசு இலை ஒன்றைப் பின்னால் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த மஞ்சள் அழகாக விழும்.

ஃபோகஸ் வளையத்தைத் தொடவே வேண்டாம், திருகினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. உடம்பை முன்னும் பின்னும் மிக மெதுவாக நகர்த்தி, கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்துங்கள். கேமரா ஒரு பக்கமும் இலை ஒரு பக்கமும் ஆடுவதுதான் பெரிய தொல்லை. இடது கையின் இரு விரல்களால் இலைக்காம்பைப் பிடித்து, லென்ஸை அதே கையின் மேல் சாய்த்து வையுங்கள். ஆடினாலும் இரண்டும் சேர்ந்தே ஆடும். காற்று வீசினால் ஒரு குச்சியை மண்ணில் ஊன்றி, துணி மாட்டும் கிளிப்பால் காம்பைக் கவ்வ வைக்கலாம். இத்தனை செய்தும் பத்தில் ஒன்றிரண்டுதான் தேறும். இந்த வேலையில் அதுவே நல்ல கணக்கு. கண் மட்டும் கூர்மையாக இருந்து மற்றதெல்லாம் கரைந்தாலும் படம் நிற்கும், கால் கூர்மையாகிக் கண் கலங்கினால் நிற்காது. பட்டாம்பூச்சி, தட்டான் போன்றவற்றுக்கு இறக்கையின் தளமும் கேமராவின் முதுகும் இணையாக இருக்கட்டும். இருக்கும் சிறு ஆழம் இறக்கை முழுவதற்கும் போதும்.

பயிற்சிக்கு வீட்டுக் கறிவேப்பிலைச் செடியைவிட நல்ல இடம் கிடையாது. எலுமிச்சை அழகி என்னும் பட்டாம்பூச்சி அதன் இளந்தளிரில் தனித்தனியாக முட்டையிடும். இளமஞ்சள் நிறம், உருண்டை, ஒரு மி.மீ. அளவு. ஓடாது, பறக்காது. கேமராவின் திரையில் பெரிதாக்கிப் பார்த்து நிதானமாக ஃபோகஸ் செய்யலாம். பொரித்து வரும் புழு முதலில் பறவை எச்சம்போலப் பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும், கடைசித் தோல் உரிப்பில்தான் பச்சையாகும். அந்த நிலையில் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பு இரண்டாகப் பிரிந்து நீளும். அது தன்னைக் காக்கச் செய்யும் வேலை என்பதால் படத்துக்காகத் திரும்பத் திரும்பத் தூண்டாதீர்கள். அடுத்து எருக்கஞ்செடிக்குப் போகலாம். அங்கே மஞ்சள் அசுவினிக் கூட்டமும் அதைத் தின்ன வரும் பொறிவண்டும் இருக்கும். எறும்பையும் தேனீயையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வழிகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூப் நல்லதுதான், ஆனால் 18-55-ஓடு பெரிய பயன் இல்லை. 50 லென்ஸ் கிடைத்தால் யோசிக்கலாம். நீண்ட ஜூம் உள்ளவர்களுக்கு ரேநாக்ஸ் டிசிஆர்-250 போன்ற, லென்ஸின் முன்னால் கவ்வும் கண்ணாடி மிக நல்ல தேர்வு. அதன் சக்தி 8 டயாப்டர் (மூக்குக்கண்ணாடிக்குச் சொல்லும் அதே பவர் அளவு). ஜூமை 200-இல் வைத்தால் 200-ஐ 8-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க, 1.6 மடங்கு. பூச்சி பன்னிரண்டு செ.மீ. தள்ளி இருக்கும், மிரளாது. மலிவாக விற்கும் ஒற்றைக் கண்ணாடி +10 ஃபில்டர்களை வாங்காதீர்கள். ஓரமெல்லாம் ஊதா விளிம்பு கட்டும்.

ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். குளிரில் விறைத்த பூச்சி கால்களை மடக்கி, உணர்கொம்பைத் தொங்கவிட்டுக் கிடக்கும். பூச்சி தெரிந்தவர் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார். உங்கள் ஊர் ஈரக்காற்றில் வெளியே எடுத்ததும் உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். சில செத்தும் போகும். ஒரு படத்துக்கு அந்த விலை கூடாது. அண்ணன் தேடும் குளிர் மார்கழி, தை விடியலில் வயல் வரப்பில் தானாகவே கிடைக்கிறது. பூச்சிக்கு உடல்வெப்பம் வெளியிலிருந்து வர வேண்டும், வெயில் ஏறும்வரை அதனால் பறக்க முடியாது. ஆறு மணிக்குக் கோரைப்புல்லைத் தேடிப் பாருங்கள். பனித்துளி போர்த்திய தட்டான்கள் தொங்கிக்கொண்டிருக்கும். ஏழரைவரை நேரம் உண்டு. புல்லின் அடியை மிதிக்காமல், உங்கள் நிழல் அதன்மேல் விழாமல், தூரத்திலேயே ஒரு படம் எடுத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குங்கள்.

உங்கள் கடைசிப் படத்தைப் பெரிதாக்கிக் கால்களை எண்ணிப் பாருங்கள். எட்டு இருக்கின்றன. அது எறும்பே அல்ல, செந்நிற முசுறு எறும்பைப் போல உருவம் கொண்ட தாவும் சிலந்தி. முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி உணர்கொம்புபோல ஆட்டும். தலையின் இருபுறமும் எறும்பின் கண் இருக்க வேண்டிய இடத்தில் கரும்புள்ளி வைத்திருக்கும். உண்மையான கண்கள் எட்டு, அவற்றில் பெரியவை இரண்டும் நேர் முன்னால். முசுறுகள் நெருங்கினால் இதைப் பிடித்துவிடக்கூடும், அதனால்தான் ஒதுங்கியே திரிகிறது. தாடை நீளமாக முன்னால் துருத்தியிருந்தால் ஆண். இன்னோர் எறும்பைக் கவ்விச் செல்வதுபோலத் தெரியும். நீங்கள் எடுத்தது பெண்.

அடுத்த முறை 35-இல் வைத்து, இலை மட்டத்துக்குக் குனிந்து முகத்துக்கு நேராகப் போங்கள். மிரண்டால் நூல் விட்டுக் கீழே தொங்கும். விரட்டாமல் ஓரிரு நிமிடம் அசையாமல் நின்றால் அதே நூலைப் பிடித்து ஏறி வந்துவிடும். அந்த முன்கண்கள் இரண்டும் கூர்மையாக விழுந்த படம் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.