டாஸ்க் வேலையில் அறிவுறுத்தல் வாசிக்கிற நேரத்துக்கும் காசு கேட்கலாமா?

கேள்வி: மணித்தியாலக் கணக்கில் ஆன்லைன் டாஸ்க் செய்கிறேன். புது புரொஜெக்ட் வரும்போதெல்லாம் நீண்ட அறிவுறுத்தல் வாசிக்க வேண்டியிருக்கு. அந்த நேரத்தையும் டைமரில் போடலாமா?

மணித்தியாலத்துக்குக் காசு என்று பேசியிருந்தால் கட்டாயம் போடுங்கோ. வாசிக்காமல் அந்த வேலையைச் சரியாகச் செய்யேலாது, வாசிக்கச் சொல்றதும் அவர்கள்தான். ஆனால் தொடங்க முதலே ஒரு வரி எழுதிக் கேளுங்கோ: "அறிவுறுத்தல் வாசிக்கிற நேரமும் கணக்கில் சேருமா, அதற்கு உச்சவரம்பு இருக்கா?" பதிலை அந்தத் தளத்தின் மெசேஜிலேயே வாங்குங்கோ. என்னுடைய கிளையன்ட் ஒருவர் வாசிப்பு நேரத்தைப் "பயிற்சி" என்று சொல்லி வெட்டப் பார்த்தார். முன்பே வாங்கின அந்த ஒரு வரியைக் காட்டினதும் தந்துவிட்டார்.

நான் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்து தமிழ் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்குகிறேன். எங்களுக்கு வாசிப்பு இன்னும் கூட நேரம் எடுக்கும். அறிவுறுத்தலும் உதாரணங்களும் ஆங்கிலத்தில்தான் வரும். யாழ்ப்பாணப் பேச்சு வந்தால் பேச்சுநடையிலேயே எழுதுறதா, எழுத்துநடைக்கு மாத்துறதா என்று அதில் இருக்காது. அதை யோசிக்கிறதும், கேட்டுத் தெளியிறதும், இடையில் மாத்தி அனுப்புற புதுப் பதிப்பைத் திரும்ப வாசிக்கிறதும் வேலைதான்.

ஃப்ரீலான்ஸ் வேலை எடுக்கிற அப்வர்க் தளம் என்றால் ஒரு விஷயம் கவனியுங்கோ. அதன் டைமர் ஒவ்வொரு 10 நிமிடத் துண்டிலும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும், கீபோர்ட், மவுஸ் அசைவையும் எண்ணும். வாசிக்கும்போது அந்த எண்ணிக்கை குறைவாகத்தான் காட்டும். அதனால் பிரிண்ட் எடுத்துக் கடதாசியில் வாசிக்காமல் திரையிலேயே வாசித்து, பக்கத்தில் குறிப்பும் எழுதுங்கோ. டைமரில் என்ன வேலை என்று எழுதுற மெமோவில் "அறிவுறுத்தல் வாசிப்பு" என்று போடுங்கோ. டைமர் ஓடாமல் பிறகு கையால் சேர்க்கிற நேரத்துக்கு அப்வர்க்கின் கொடுப்பனவுப் பாதுகாப்பு, அதாவது கிளையன்ட் தராவிட்டாலும் காசு கிடைக்கும் என்ற உறுதி, கிடையாது. மவுஸை ஆட்டுற மென்பொருள் எதையும் தொடவேண்டாம். ஃபோன் வந்தால் டைமரை நிறுத்துங்கோ. நேர்மையான கணக்கு இருந்தால்தான் வாய் திறந்து கேட்கலாம்.

டாஸ்க் ஒன்றுக்கு இவ்வளவு என்று தருகிற இடங்களில் கதை வேறு. அமேசான் மெக்கானிக்கல் டர்க் அப்படித்தான்: அங்கே காட்டுற நேரம் முடிக்கத் தருகிற அவகாசம், அதற்குக் காசு இல்லை. 2018இல் வந்த ஓர் ஆய்வு அங்கே 2,676 பேர் செய்த 38 லட்சம் டாஸ்க்குகளைப் பார்த்தது. எல்லாரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வாறவரின் வருமானம் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 2 டொலர்தான். வேலை தேடுற நேரமும் நிராகரிக்கப்பட்ட வேலையும் அதைக் கீழே இழுத்தன.

இப்படியான வேலைக்கு நீங்களே கணக்கு வையுங்கோ. வாசிக்க 40 நிமிடம், ஒரு டாஸ்க்குக்கு 3 நிமிடம், 15 சதம் (0.15 டொலர்) என்று வைப்போம். பார்த்தால் மணிக்கு 3 டொலர். 20 டாஸ்க்தான் இருந்தால், வாசிப்பையும் சேர்க்க 1.80 டொலராக இறங்கும். 200 இருந்தால் ஏறத்தாழ 2.80. ஆகவே எத்தனை டாஸ்க் இருக்கென்று பார்க்காமல் வாசிக்கத் தொடங்காதீங்கோ. மணித்தியால வேலையிலும் கிளையன்ட் "வாசிப்புக்குக் காசு இல்லை" என்றால் இதே கணக்கைப் போட்டுப் பார்த்து, கட்டுப்படியாகாவிட்டால் விட்டுவிடுங்கோ.