அனலாக் சிந்தசைசரில் எல்எஃப்ஓ வைத்து ஒலிக்கு உணர்ச்சி கொடுப்பது எப்படி?

எல்எஃப்ஓ (லோ ஃப்ரீக்வென்சி ஆசிலேட்டர்) என்பது பெரும்பாலும் 20 ஹெர்ட்சுக்குக் கீழே, அதாவது நொடிக்கு 20 முறைக்கும் குறைவாக ஆடும் ஆசிலேட்டர் (அலையை உருவாக்கும் மின்சுற்று). அது நேரடியாகக் காதில் விழாது, வேறொன்றை ஆட்டிவைக்கும். சுருதியில் கொடுத்தால் வைப்ரேட்டோ, அதாவது ஸ்வரம் லேசாக மேலும் கீழும் அசைவது: வேகம் 5, 6 ஹெர்ட்ஸ், ஆழம் மிகக் கொஞ்சம். ஆனால் ஸ்வரம் தொடங்கும்போதே ஆடினால் இயந்திரத்தனமாகத்தான் கேட்கும். பாடுபவர் ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டுத்தானே அசைப்பார்? ஜூனோ-60 சிந்தசைசரில் இருப்பது போல, ஆட்டத்தைத் தாமதமாகத் தொடங்கவைக்கும் எல்எஃப்ஓ டிலே இருந்தால் அதைக் கூட்டுங்கள். இல்லையா, ஆழத்தை மாட் வீலில் (கையால் உருட்டும் மாடுலேஷன் சக்கரம்) விட்டு, நீண்ட ஸ்வரங்களில் மட்டும் கையால் ஏற்றுங்கள். என்னைக் கேட்டால் வீல்தான் மேல். (பழைய மினிமூக் சிந்தசைசரில் தனி எல்எஃப்ஓ கிடையாது, மூன்றாவது ஆசிலேட்டரைத்தான் அதற்கு ஒதுக்க வேண்டும்.)

அப்புறம் ஃபில்டர் கட்ஆஃப், அதாவது ஒலியை எந்த அதிர்வெண்ணிலிருந்து வடிகட்டுவது என்ற எல்லை. சுமார் 10 நொடிக்கு ஒரு சுற்று வரும் முக்கோண அலை கொடுத்தால் பேட் ஒலி (பின்னணியில் நீண்டு நிற்கும் மென்மையான ஒலி) மெல்லத் திறந்து மூடும். பல்ஸ் அகலத்தில் (சதுர வடிவ அலை ஒவ்வொரு சுற்றிலும் மேலே நிற்கும் பங்கு) கொடுத்தால் ஒரே ஆசிலேட்டர் இரண்டு போலத் தடித்துக் கேட்கும்.