இளஞ்சிவப்பெல்லாம் காடு அழிந்த இடமா?

வணக்கம் ஐயா. 'குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்' வரைபடத்தில், என் அப்பா வேலை பார்த்த கூலிம் பக்கத்துத் தோட்டத்தைத் தேடிப் பார்த்தேன். முழுக்க இளஞ்சிவப்பு. அப்படியென்றால் மரம் அழிந்த இடமாம். அங்கே ஏது காடு? எனக்குத் தெரிந்து முதலில் பால்மரம் (ரப்பர்), அப்புறம் செம்பனை (எண்ணெய்ப்பனை). மலேசிய அரசோ நாட்டில் பாதிக்கு மேல் காடு என்கிறது. எதை நம்புவது?
– க.ம., பட்டர்வொர்த்

அன்புள்ள க.ம.,

அந்த இளஞ்சிவப்பு பொய் சொல்லவில்லை. அங்கே மரம் விழுந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. என்ன மரம் என்று அதற்குத் தெரியாது.

வரைபடத்துக்கு அடிப்படை அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள். 1972 முதல் எடுத்து வருகிறார்கள். 2008இல் அவற்றை இலவசமாகத் திறந்துவிட்ட பிறகுதான், மேரிலாந்து பல்கலைக்கழகக் குழுவால் 2013இல் உலகம் முழுவதற்கும் இப்படியொரு கணக்கை வெளியிட முடிந்தது. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். வெறும் மண் அப்படிச் செய்யாது. 30 மீட்டர் சதுரக் கட்டம் ஒவ்வொன்றிலும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறார்கள். ஐந்து மீட்டருக்கு மேல் வளர்ந்தால் மரம், அவ்வளவுதான். ஆகவே பினாங்கின் கொடிமலைக் காடும் பாலிக் புலாவ் டுரியான் தோட்டமும் அதில் ஒரே பச்சை. முற்றிய செம்பனையும் பச்சை. இருபத்தைந்து வருடம் கழித்து மறுநடவுக்குச் சாய்த்தால் இளஞ்சிவப்பு. உங்கள் தோட்டத்தில் நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

எனக்கு வலிப்பது இதன் மறுபக்கம். கணக்கே 2000ஆம் ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன் பகாங்கிலும் ஜொகூரிலும் ஃபெல்டா என்ற அரசு நிலக் குடியேற்றத் திட்டங்களுக்காக அழித்த பெருங்காடுகள் அதில் இழப்பாக வருவதே இல்லை. செம்பனையாக வளர்ந்து பச்சைக் கணக்கில் சேர்ந்துவிட்டன.

சரி, அரசின் கணக்கு? பாதி நிலத்தைக் காடாக வைத்திருப்போம் என்று 1992 ரியோ மாநாட்டில் மலேசியா வாக்குக் கொடுத்தது. ஆனால் நிரந்தர வனக் காப்பகத்துக்குள்ளேயே, 'லாடாங் ஹுத்தான்' (காட்டுத் தோட்டம்) என்ற பெயரில், இயற்கைக் காட்டை மொத்தமாக வெட்டிவிட்டு, பலகைக்காக ரப்பரோ அக்கேசியாவோ நட அனுமதித்து வந்திருக்கிறார்கள். நிலத்தின் சட்டப் பெயர் மாறாது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வரையறையும் செம்பனையை விலக்கிவிட்டு ரப்பரைக் காட்டோடு சேர்த்துக்கொள்கிறது. ஆக, மனிதர் நடாத ஒரு பழங்காடு போனாலும் பதிவேட்டில் காடு குறையாமல் இருக்கலாம். செயற்கைக்கோள் வரைபடத்திலோ அது உங்கள் தோட்டத்து மறுநடவைப் போலவே இன்னொரு இளஞ்சிவப்புத் திட்டு. கிளந்தான் குவா மூசாங்கில் தெமியார் என்ற பூர்வகுடி மக்கள் பாதையை மறித்து நின்றது தங்கள் காடு இப்படிப் போவதைத் தடுக்கத்தான். 2019இல் அவர்களுக்காக மத்திய அரசே மாநில அரசின்மீது வழக்குத் தொடுத்தது.

அதனால் இரண்டு தரப்பிடமும் நாம் கேட்க வேண்டியது, இயற்கைக் காடு மட்டும் எவ்வளவு மிச்சம் என்பதுதான். அந்த வரைபடத்திலேயே 2001இல் இருந்த முதன்மைக் காடுகளை, அதாவது முற்றிய இயற்கைக் காடுகளைத் தனியாகக் காட்டும் அடுக்கு உண்டு. அதைப் போட்டுவிட்டுக் குவா மூசாங் பக்கம் நகர்த்திப் பாருங்கள். அந்த அடுக்குக்குள் விழும் இளஞ்சிவப்பை மறுநடவு என்று தள்ளிவிட முடியாது. பக்கத்தில் செயற்கைக்கோள் படத்தையும் திறந்தால், மலைச்சரிவைச் சுற்றிச் சுற்றி வெட்டிய படிவரிசைகள் தெரியும். அது தோட்டம். லாரிப் பாதைகள் மட்டும் நூல் நூலாக ஓடினால் தேர்ந்தெடுத்து மரம் வெட்டுகிறார்கள். அதில் பெரும்பகுதி 30 மீட்டர் கட்டத்தில் சிக்காமலே போய்விடும். இன்னொன்று, 2011க்குப் பிந்தைய ஆண்டுகளுக்குக் கணக்கிடும் முறையைத் திருத்தியிருக்கிறார்கள். 2005ஐயும் 2016ஐயும் நேராக ஒப்பிட்டு, அழிவு கூடிவிட்டது என்று சொல்லக்கூடாது.

உங்கள் அப்பாவோடு வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால், எந்த ஆண்டு பால்மரத்தைச் சாய்த்தார்கள், எந்த ஆண்டு செம்பனை நட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வரைபடத்தில் வரும் ஆண்டோடு சேர்த்துப் பார்ப்போம்.