இரண்டு அறைகளும் காலைப் பலகாரமும்

வணக்கம்.

ஃபோர்ட் கொச்சியில் உங்கள் தோழி நடத்தும் ஹோம்ஸ்டே பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கும் ஓர் ஆசை. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். எனக்கு 61 வயது, ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் வங்கியில் இருந்தவர். வீடு அவருடைய ஐயா கட்டியது. நாங்கள் இருவர்தான் இவ்வளவு பெரிய வீட்டில் விளக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஓடு பிரித்து மேய்வதற்கே பென்ஷன் பணம் போய்விடுகிறது. இரண்டு அறைகளை விருந்தினருக்கு விட்டு, காலைச் சாப்பாடும் கொடுக்கலாமா என்று பார்க்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் மகன், ஒரு ஆளைப் போட்டு முழு வீட்டையும் ஏர்பிஎன்பி என்ற முன்பதிவுத் தளத்தில் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விடுங்கள் என்கிறான். என் ஓரகத்தியோ, வீட்டை லாட்ஜ் ஆக்கப் போகிறாயா என்று கேட்கிறாள். இதில் காசு நிற்குமா? யார் எவர் என்று தெரியாதவர்களை எப்படி உள்ளே விடுவது? இரவுச் சாப்பாடும் கொடுக்க வேண்டுமா? சொந்தக்காரர்கள் வந்து தங்கினால் என்ன செய்வது? வீட்டில் பங்குள்ள மற்ற மூன்று பங்காளிகளும், மலேசியாவில் இருக்கும் கொழுந்தனார் உட்பட, மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள ஆச்சி,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மறுப்புச் சொல்ல மாட்டார்கள், சரி. எழுதிக் கொடுப்பார்களா?

செட்டிநாட்டு வீடுகள் பல பூட்டிக் கிடப்பதற்குக் காசில்லாதது மட்டும் காரணமில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். யார் பூட்டைத் திறப்பது, யார் செலவு செய்வது, செய்தவருக்கு என்ன உரிமை என்ற கேள்விகளுக்கு ஒருவரும் வாய்விட்டுப் பதில் சொல்வதில்லை. இன்றைக்கு நீங்கள் நான்கு லட்சம் போட்டு இரண்டு குளியலறை கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். நாளைக்குப் பாகப்பிரிவினை வந்தால் அவை யார் பாகத்தில் விழும்? மலேசியாக் கொழுந்தனாருக்கு இன்று அக்கறை இருக்காது. முன்பதிவுத் தளத்தில் வீட்டின் படமும், அதன் கீழே ஒரு இரவுக்கு இவ்வளவு என்ற எண்ணும் தெரிந்த அன்று வந்துவிடும். ஆகவே முதல் செலவு வக்கீலுக்கு. எந்த இரண்டு அறைகள், எத்தனை வருடத்துக்கு, மராமத்துச் செலவு யாருடையது, வரும்படியில் மற்றவர்களுக்குப் பங்கு உண்டா, பிரிக்க நேர்ந்தால் நீங்கள் போட்ட பணத்துக்கு என்ன வழி என்பதையெல்லாம் எழுதி நால்வரும் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டை மூடும் நாட்களையும் அதிலேயே எழுதிவிடுங்கள். முன்னோர் படைப்பு, கல்யாணம், அறுபதாம் வயதுச் சாந்தி, கோயில் திருவிழா என்று பங்காளிகள் வந்து இறங்கும் நாளில் நடு முற்றத்து வளவில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி காபி குடித்துக்கொண்டிருந்தால் இரண்டு பக்கத்துக்கும் சங்கடம்.

அடுத்தது மகன் சொன்ன யோசனை. அதில் தப்பில்லை, ஆனால் அது வேறு தொழில். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் ஒரு வீட்டில் ஆறு அறைகள், பன்னிரண்டு படுக்கைகள் வரைதான் அனுமதி. உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. வீட்டுக்காரர் இல்லாத வீடு என்றால் அது விடுதிக் கணக்கு. விடுதி என்று இறங்கினால் உங்களுக்குப் போட்டி யார் தெரியுமா? காரைக்குடியில் 1999 முதல் நடக்கும் "பங்களா", கானாடுகாத்தான் "விசாலம்", கடியாபட்டி "சிதம்பர விலாஸ்" ஆகிய விடுதிகள். நீச்சல் குளமும் பயிற்சி பெற்ற சமையல்காரர்களும் வைத்திருப்பவர்களோடு ஒரு காவலாளியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட முடியாது. அவர்களிடம் இல்லாதது நீங்கள் இரண்டு பேரும்தான். ஏர்பிஎன்பியே 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் வாடகைக்குத் திண்டாடிய இரண்டு இளைஞர்கள் தங்கள் வீட்டுக்குள் காற்று மெத்தை விரித்து, காலை உணவும் கொடுத்து மூன்று பேரைத் தங்கவைத்ததில் தொடங்கியதுதான். பிறகு எங்கெங்கோ போய்விட்டது.

காசு நிற்குமா என்றால், கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். இரண்டு அறைகள், அறைக்கு இரவுக்கு 3,000 ரூபாய். மாதத்துக்கு 60 அறை-இரவுகள். முதல் வருடம் கால்வாசி நிறைந்தால் சந்தோஷப்படுங்கள். 15 இரவுக்கு 45,000. எல்லாமே முன்பதிவுத் தளம் வழியாக வந்தால், 15 சதவீதக் கமிஷன் என்று வைத்து 6,750 போகும். இருவருக்குக் காலைப் பலகாரம் 300 வீதம் 4,500. சலவை, சோப்பு, குடிதண்ணீர் 3,750. ஏசி ஓடிய கரண்டுக்கு 3,000. கூட்டிப் பெருக்கிக் கழிப்பறை கழுவ வரும் பெண்ணுக்கு 9,000. மிச்சம் 18,000. இதில் கெய்சர் பழுதும் வெள்ளையடிப்பும் இல்லை. அதோடு இது டிசம்பர், ஜனவரிக் கணக்கு. சித்திரை வெயிலில் செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். ஓடு மேய இது உதவும், ஒரு குடும்பம் பிழைக்க உதவாது. உங்கள் கையில் பென்ஷன் இருப்பதால்தான் இதைத் தொடங்கலாம் என்கிறேன். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று யாராவது எழுதியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

கடன் மட்டும் வாங்காதீர்கள். பெரிய செலவு குளியலறைதான். அந்தக் காலத்தில் கழிப்பறையை வீட்டுக்குள் யாரும் கட்டவில்லை. இன்று தங்க வருபவர் அறைக்குள்ளேயே அது வேண்டும் என்பார். வளவைச் சுற்றியிருக்கும் சின்ன அறைகளில் குழாய் இழுக்காதீர்கள். அவை சாமான் வைக்கக் கட்டியவை, காற்றும் குறைவு. சுண்ணாம்புச் சுவரைத் துளைத்துக் குழாய் பதித்து, மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உப்புப் பூத்து உதிரும். முட்டை வெள்ளைக் கரு சேர்த்து இழைத்த பூச்சு ஒருமுறை போனால் போனதுதான். முகப்பை ஒட்டிய அறையோ மாடி அறையோ, வெளிச்சுவர் இருக்கும் அறையாகப் பார்த்து, குளியலறையைச் சுவருக்கு வெளியே தனியாகக் கட்டி ஒரு கதவால் இணைப்பதுதான் நல்லது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இன்னும் உங்கள் பக்கம் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது என்று வேலைக்கு வரும் பெண்ணிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இனி காலைப் பலகாரம். நீங்கள் இதை ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு முழுத் தொழிலும் இதுதான் என்று தோன்றுகிறது. படுக்கையைத் தட்டிப் போடுவது ஒரு நாளில் பழகிவிடும். நீங்கள் தேர்ந்தெடுக்காத ஒரு மனிதர், உங்கள் மனநிலை சரியில்லாத காலைகளிலும் எட்டு மணிக்கு உங்கள் வீட்டு இரண்டாம் கட்டுக்குள் உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சூடாக எதையாவது வைத்து, இரண்டு வார்த்தை பேச வேண்டும். முழங்கால் வலியோடும், முதல் நாள் மகனோடு போனில் சண்டை போட்டிருந்தாலும். இது முடியுமா என்பதை உங்கள் கணவர் சொல்ல வேண்டாம், நீங்கள் சொல்லுங்கள். அடுப்படியில் நிற்கப்போவது நீங்கள்.

முடியும் என்றால், பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். இட்லி, இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், தோசை, பொங்கல் என்று ஐந்தாறு வகையை மாற்றி மாற்றிச் செய்தால் போதும். பெரும்பாலானவர்கள் இரண்டு இரவுதான் தங்குவார்கள். ஒரு நாள் கந்தரப்பமோ கவுனி அரிசியோ இருந்தால் அதைப் பற்றித்தான் போகிற இடமெல்லாம் பேசுவார்கள். காரச் சட்னி பக்கத்தில் காரமில்லாத தேங்காய்ச் சட்னி, பழம், எழுந்ததும் காபி. ஐந்து வகையை மேசையில் பரப்பிவைக்கும் ஓட்டல் பழக்கம் வேண்டாம். எத்தனை மணிக்குப் பசியாறுகிறார்கள், உடம்புக்கு எது ஆகாது என்று முதல் நாள் இரவே கேட்டுவிடுங்கள். சென்னைக்குப் பல்லவன் ரயிலைப் பிடிக்கிறவர்கள் விடிவதற்கு முன்பே கிளம்புவார்கள். அவர்களுக்கு நாலு இட்லியில் மிளகாய்ப்பொடி தடவிப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடலாம். அதற்காக மூன்று மணிக்கு எழுந்திருக்காதீர்கள்.

என் தோழி கொச்சியில் மூன்று அறை நடத்துகிறாள். விருந்தினரோடு தானும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்பது அவள் விதி. பரிமாறுவாள், பேசுவாள், பிறகு உள்ளே போய்த் தனியாகத் தன் தட்டோடு உட்காருவாள். முதலில் எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. அப்புறம் புரிந்தது, அந்த இருபது நிமிடம் இல்லாவிட்டால் அவளால் வருடக்கணக்கில் இதைச் செய்திருக்க முடியாது. உங்களுக்கும் ஒரு கதவு வேண்டும், தாழ்ப்பாளோடு. சாமி அறை, அடுப்படி, உங்கள் படுக்கையறை ஆகியவற்றுக்குள் விருந்தினர் வரக்கூடாது என்பதை வந்தவுடன் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வீட்டை மியூசியம் என்று நினைத்துப் பெட்டகத்தைத் திறந்து பார்ப்பார்கள். வெயில் உச்சத்தில் ஒரு மாதம் மூடிவிடுங்கள்.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் கிராமத்தில் இருட்டிய பிறகு விருந்தினர் எங்கே போவார்? மதியத்துக்குள் சொன்னால் ஒரே வகைச் சாப்பாடு, தனிக் காசு, எட்டு மணிக்கு. சொல்லாதவர்களுக்குக் காரைக்குடிக்குப் போய்வர ஆட்டோக்காரர் நம்பர். கோழி கேட்பார்கள். செட்டிநாடு என்றாலே கோழி என்றுதான் ஊர் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. செய்ய விருப்பமில்லாத நாளில் இல்லை என்று சொல்லுங்கள்.

யார் எவர் என்று கேட்டீர்கள். ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை நகல் வாங்கிப் பதிவேட்டில் எழுதுங்கள். வெளிநாட்டவர் என்றால் வந்த 24 மணி நேரத்துக்குள் அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். இதில் மட்டும் சோம்பல் கூடாது. மாநில சுற்றுலாத் துறையும் ஹோம்ஸ்டேக்களைப் பதிவு செய்கிறது, அங்கே பதியுங்கள். உள்ளாட்சியிலும் காவல் நிலையத்திலும் ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். வீட்டு மின் இணைப்பிலேயே ஓட்டலாமா என்று ஈபி அலுவலகத்தில் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டிக்குப் பயப்பட வேண்டாம். வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் நீங்கள் பதிய வேண்டியதில்லை. ஆன்லைன் தளம் வழியே வரும் அறைகளுக்கு அந்தத் தளமே வரியைப் பிடித்துக் கட்டிவிடும்.

ஆனால் உங்கள் "யார் எவர்" அடையாள அட்டையோடு முடிகிற கேள்விதானா என்று சந்தேகமாக இருக்கிறது. சாதி கேட்டு, மதம் கேட்டு ஆளை உள்ளே விடுகிற எண்ணம் யாருக்காவது வீட்டில் இருந்தால், இதைத் தொடங்காதீர்கள். ஓட்டல்களிலும் உணவகங்களிலும் அந்தப் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் வளவில் யாரோ உட்கார்ந்து சாப்பிட்டதற்காகப் பிறகு தண்ணீர் தெளிக்கிற நிலை வந்தால், அது வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தெரியும், அவள் மூலம் ஊருக்கும் தெரியும். மணமாகாத ஜோடி வந்தால் என்ன செய்வது என்பதையும் நீங்கள் இருவரும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வயது வந்த இருவர் ஒரு அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. வாசலில் பெட்டியோடு நிற்பவர்களை வைத்துக்கொண்டு முடிவெடுப்பதுதான் அசிங்கம்.

யாரை மறுக்கலாம் என்றால், பிள்ளையார்பட்டிக்கு வந்தோம், இரண்டு அறையில் ஒன்பது பேர் படுத்துக்கொள்கிறோம் என்பவர்களை. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட் என்று குடையும் புகைக் குழாயுமாக வருபவர்களை. சினிமாக்காரர்கள் கேட்டால் அது தனிப் பேச்சு, பங்காளிகளையும் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

லாட்ஜ் என்று சொன்ன ஓரகத்திக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. டிசம்பரில் அவரை இரண்டு நாள் வரவழைத்து அந்த அறையிலேயே படுக்க வையுங்கள். வெந்நீர் வரவில்லை, ஃபேன் சத்தம் போடுகிறது, தலையணை கல்லாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் அவர்தான் ஒளிக்காமல் சொல்வார்.

சொந்தக்காரர்கள் வந்து தங்கினால் காசு வாங்காதீர்கள். வாங்கினால் ஊரில் இருக்க முடியாது. ஆனால் மார்கழியிலும் தையிலும் அந்த இரண்டு அறைகளின் சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். வருகிறவர்களுக்குப் பட்டாலைக் கூடத்தில் பாய் விரித்துப் போடுங்கள். போன தலைமுறை அங்கேதான் படுத்தது.